கேட்டதும் பதிலும்: கடை ஊழியர்களின் உடல்நலம்

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடையில் நான் மேலாளராக இருக்கிறேன். விற்பனைப் பிரிவிலுள்ள பெண்கள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை. கால்வலி, நீர்க்கடுப்பு என்று அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள். நல்ல பழக்கங்களை அவர்களிடம் எப்படி வளர்ப்பது?
– வாசகர், மதுரை

பதில்: அறிவுரையைத் தொடங்குமுன் கழிப்பறையைப் பாருங்கள். அது தொலைவில் இருந்தாலோ, அழுக்காக இருந்தாலோ, போய்வர ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் அது வழிவகுக்கும். எனவே சுத்தமான கழிப்பறையும் கேட்காமலே போய்வரும் உரிமையும் முதலில் வேண்டும். தண்ணீர்க் குடத்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்திலும் வையுங்கள்.

நாள் முழுதும் நிற்பவர்களின் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி, வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வரக்கூடும். ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டுமென்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டிலேயே திருத்தம் செய்யப்பட்டுள்ளது. ஆயினும், நாற்காலி போட்டால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் திட்டு விழும் என்ற அச்சம் இருக்கும்வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள் என்பதால், உட்காருபவர்களைத் திட்டக்கூடாது என்று மேற்பார்வையாளர்களிடம் நீங்களே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் ஊழியர்களுக்கோ, மதிய உணவை நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுவதே இப்போது அவசரத் தேவை. முறைவைத்து அரைமணி நேரமாவது அவர்களை விடுவியுங்கள்.