மருத்துவப் படிப்பில் உண்மையிலேயே கஷ்டமானது எது?

"டாக்டருக்குப் படிப்பது அவ்வளவு கஷ்டமா, இல்லை டாக்டர்கள் கொஞ்சம் ஓவராகச் சொல்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் ஓவராகத்தான் சொல்கிறோம். ஆனால் நாங்கள் வெளியே பெருமையடித்துக்கொள்ளும் கஷ்டம் ஒன்று, ஆளை நிஜமாகவே உலுக்குவது இன்னொன்று.

முதலில் பாடம். மண்டையை உடைத்துக்கொண்டு புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் மருத்துவத்தில் குறைவுதான், அளவுதான் பிரச்சினை. 206 எலும்பு, பெயரை மனப்பாடம் செய்தால் போதும் என்று தோன்றும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, இது இடதா வலதா, இந்த மேட்டில் ஒட்டுகிற தசை எது, இந்தப் பள்ளத்தில் ஓடுகிற நரம்பு எது, அது அறுந்தால் கை எப்படித் தொங்கும் என்று கேட்டுக்கொண்டே போவார்கள், இடதா வலதா என்பதிலேயே பாதிப் பேர் முழிப்போம். பிறகு மருந்தியல் வரும், எலும்பெல்லாம் மறந்துபோகும், அறுவை சிகிச்சைப் பாடத்துக்கு வந்தால் அதே எலும்பை மறுபடி எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். பிணத்தை அறுப்பது பயமாக இருக்குமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். பிணம் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் நெடிக்குக் கண் எரியும், சில வாரத்தில் பழகிவிடும், அவ்வளவுதான்.

வருடக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பட்டம் வாங்கவே பொதுவாக 5 அல்லது 6 வருடம். அமெரிக்காவில் கல்லூரி 4, மருத்துவக் கல்லூரி 4, அதற்கப்புறம் துறையைப் பொறுத்து 3 முதல் 7 வருடம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. பள்ளியில் கூடப் படித்தவர்கள் வேலையில் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கும்போது நாம் அடுத்த தேர்வுக்கு உட்கார்ந்திருப்போம். இது எரிச்சல்தான், ஆனால் தெரிந்தே சேருகிறோம்.

என்னைக் கேட்டால் உண்மையான கஷ்டம் பட்டம் கையில் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. முதல் காரணம் தூக்கம். ராத்திரி டூட்டி முடிந்து காலையில் படுக்கை படுக்கையாக நோயாளிகளைப் பார்க்கும் ரவுண்ட்ஸ், அது முடிந்து நோயாளிகளின் விவரத்தை கேஸ் ஷீட்டில் எழுதுவது, நடுவில் ஒரு அவசர கேஸ், இப்படியே மறுநாள் மதியம் ஆகிவிடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஒருவரின் கை கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. பல நாடுகளில் அந்த அளவு போதையில் கார் ஓட்டினால் பிடிப்பார்கள், ஆனால் நம்மிடம் ஊசியைக் கொடுத்து ரத்தக் குழாயில் போடச் சொல்வார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அமெரிக்காவில் 1889இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், இளம் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் பயிற்சி எடுக்கும் முறையை நிலைநிறுத்தினார். அதனால்தான் ரெசிடென்ட் என்ற பெயர். மனிதர் மேதை, சந்தேகமில்லை. ஆனால் கோகெயினை மரத்துப்போகும் மருந்தாகத் தன் மேலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையாகி, அப்புறம் பல வருடங்கள் மார்ஃபினையும் விட முடியாமல் இருந்தவர். அவர் வகுத்த தினுசில்தான் பல நாடுகளில் டாக்டர்கள் இன்றும் தேய்கிறோம்.

1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்தில், நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்களின் கவனிப்பில் இறந்துபோன பிறகுதான் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரம் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது, 2003இல் அது அமெரிக்கா முழுவதும் வந்தது. 80 மணி நேரம் என்பது சலுகை, கவனிக்கவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி சராசரி 48. அங்கேயும் டாக்டர்கள் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறார்கள், எனவே "தூங்காமல் இருந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும்" என்று சீனியர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

தூக்கக் கலக்கத்தில் ஊசி நம் கையிலேயே குத்திவிடுவதும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி என்றால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், ஆனாலும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் விழுங்க வேண்டும். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே அந்த 28 நாளும் வேலைக்குப் போவார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி போடாமல் வார்டுக்குள் போகாதீர்கள், அதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு.

இன்னொன்று, சாவுச் செய்தி சொல்வது. இதயம் நின்றால் என்ன செய்வது என்று பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள், அது பலிக்காமல் போனால் வெளியே நிற்கும் மகளிடம் என்ன சொல்வது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவது அபூர்வம். கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படிகள் கொண்ட ஒரு முறை இருக்கிறது, அதில் முதல் படியே தனி இடம் பார்த்து, உட்கார்ந்து பேசுவதுதான். நெரிசலான வார்டில் தனி இடத்துக்கு எங்கே போவது? வராந்தாவில் நின்றபடி சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவோம். அங்கே இருப்பவருக்கு நம் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது.

சேரலாமா என்று கேட்பதற்கு மூத்த பேராசிரியரிடம் போகாதீர்கள், அவருக்கு அந்த ராத்திரிகள் இப்போது வீரக்கதையாகிவிட்டிருக்கும். இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, போன வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். டூட்டி முடிந்து வெளியே வரும்போது கேட்காதீர்கள், தூங்கி எழட்டும்.