மொழி வரவில்லையா, படிப்பு வரவில்லையா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியையாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. என்னிடம் வரும் பிள்ளைகள் ஐந்து மொழி பேசும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். அவர்களில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு வருடம் முன்புதான் வேறு நாட்டிலிருந்து வந்தான். நன்றாகப் பேசுகிறான், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வாயடைத்துப் போகிறான். 'கற்றல் குறைபாடு' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அவன் அம்மாவோ, "என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்கு எதையும் எழுதித் தராதீர்கள். விளையாட்டு மைதானத்தில் சரளமாகப் பேச ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் போதும். பாடப் புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஆகும். பேச்சைக் கேட்டு "மொழிதான் வந்துவிட்டதே" என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. 1970ல் கலிபோர்னியாவில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்கள் மொழியிலும் சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது.

இதற்கு நேர்மாறான தவற்றை நானே செய்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு மாணவி கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். வேற்றுமொழிப் பிள்ளை, போகப் போக வாசித்துவிடுவாள் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் அவள் எழுதிய வரியில் ஒரு சொல்லைத் தொட்டு வாசிக்கச் சொன்னேன். விரல் அந்தச் சொல்லின் மேலேயே நின்றது. பிறகு அம்மாவிடம் கேட்டபோதுதான், வீட்டு மொழியிலும் இரண்டு வருடம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தும் நிற்கவில்லை என்றார். அதை முதல் மாதமே கேட்டிருக்கலாம். அவளுக்கு ஒரு வருடம் வீணானது என்னால்.

அதனால் முதலில் வீட்டு மொழியைப் பாருங்கள். உண்மையான வாசிப்புக் குறைபாடு இரண்டு மொழியிலும் தலைகாட்டும். எழுத்தும் ஒலியும் நேராகப் பொருந்தும் மொழியில் பிழை குறைவாக இருக்கலாம், ஆனால் வாசிப்பு ஆமை வேகத்தில் போகும். அவன் சொந்த மொழியில் பள்ளிக்கே போயிருக்காவிட்டால் வாசிக்கச் சொல்லிப் பயனில்லை. அந்த மொழியில் ஒரு கதை சொல்லச் சொல்லி, தெரிந்தவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு நீங்களே பத்துப் புதுச் சொற்களை ஒரு வாரம் கற்றுக்கொடுத்து மறுபடி சோதியுங்கள். சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொள்கிறானா என்பது, ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைவிட அதிகம் சொல்லும்.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். படிவத்தை முன்னால் நீட்டியதுதான் அவரை எழுப்பிவிட்டது என்று நினைக்கிறேன். 'கற்றல் குறைபாடு' என்பதற்குச் சொல்லே இல்லாத மொழிகள் உண்டு. அங்கே அது 'புத்தி சரியில்லை' என்றுதான் போய்ச் சேரும். அடுத்த முறை எந்தத் தாளும் வேண்டாம். எப்போது பேசத் தொடங்கினான், பழைய பள்ளியில் எத்தனை நாள் இருந்தான், வீட்டில் எதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்வான் என்று கேளுங்கள். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தனக்குப் படிப்பு வரவில்லை என்பதைத் தானே அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் கொடுமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

உதவிக்கு முத்திரை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைய அறிவியல் பாடத்தின் ஐந்தாறு சொற்களை இன்றே அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போகாமல், நீங்கள் அந்த வகுப்புக்குள் போய் உட்காருங்கள். பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தோழர்கள் பார்க்க எழுந்து போவது பெரிய அவமானம். சின்னக் குழந்தைகளின் படப் புத்தகத்தையும் கொடுக்காதீர்கள், மூடி வைத்துவிடுவான்.

படிவம் கேட்பவர்களிடம், இன்ன தேதிக்குள் இன்னின்னதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டு மொழியிலும் தடுமாறுகிறான் என்று தெரிந்தால், அன்றைக்கே முறையான மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அப்போது அந்த அம்மா உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.