வாசகர் கேள்வி–பதில்: பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல் ஒருவர் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு வருகிறார். அழைப்பிதழில் ‘விமானப் படை ஜெனரல் (ஓய்வு)’ என்று போட்டுவிட்டோம். ப்ரூஃப் பார்த்த பேராசிரியர் அடித்துவிட்டார். என்ன தவறு?
– மாணவர், மன்னார்குடி

தவறு இரண்டு. முதலாவது, நம் விமானப் படையில் ஜெனரல் என்று ஒரு பதவியே கிடையாது. தரைப்படையில் பிரிகேடியர் என்றால் இங்கே ஏர் கமடோர். மேஜர் ஜெனரலுக்கு ஏர் வைஸ் மார்ஷல், லெப்டினென்ட் ஜெனரலுக்கு ஏர் மார்ஷல், ஜெனரலுக்கு ஏர் சீஃப் மார்ஷல். கார் முன்னால் பொருத்தும் நட்சத்திரத் தகட்டில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து நட்சத்திரம் இதுவரை ஒருவருக்குத்தான்: அர்ஜன் சிங். 1969-ல் தளபதிப் பொறுப்பை விட்டவருக்கு 2002 ஜனவரியில்தான் ‘மார்ஷல் ஆஃப் த இண்டியன் ஏர் ஃபோர்ஸ்’ பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பதவிக்கு ஓய்வு கிடையாது. 2017-ல் காலமாகும்வரை அவர் பெயரோடு ‘ஓய்வு’ சேர்க்கப்படவில்லை.

இரண்டாவது, அடைப்புக்குறி நிற்கும் இடம். ஓய்வு பெறுவது ஆள், பதவி இல்லை. அதனால் பதவி, பெயர், பதக்க எழுத்துகள், கடைசியில் (ஓய்வு) என்ற வரிசையில் போடுங்கள். ‘ஏர் மார்ஷல் (ஓய்வு)’ என்று போட்டுவிட்டுப் பெயரை எழுதுவது பத்திரிகைகளிலும் அடிக்கடி வருகிற பிழை. பதக்க எழுத்துகளை அவர் அனுப்பிய குறிப்பில் இருக்கும் வரிசையிலேயே அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்று டி.டி.பி. செய்பவர் முன்பின் மாற்றினால் விடாதீர்கள்.

அந்த எழுத்துகளை எப்படிப் படிப்பது? பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., வி.எம்., வி.எஸ்.எம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறதே.
– வாசகி, திருவாரூர்

வலமிருந்து இடமாகப் படியுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உயர்ந்த பதக்கம் முதலில் வரவேண்டும் என்பது விதி. உயர்ந்தவை பெரும்பாலும் பதவி ஏறிய பிறகு வருகிறவை. ஆகவே கடைசியில் நிற்பதுதான் பல சமயம் ஆளின் இளமைக் காலம்.

ஃபாலி ஹோமி மேஜரை எடுத்துக்கொள்வோம். மேஜர் என்பது இங்கே பெயர், பதவி அல்ல. 2007 மார்ச் 31 முதல் 2009 மே 31 வரை விமானப் படைத் தளபதி. ஹெலிகாப்டர் விமானி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. பதவியில் இருந்தபோது அவர் பெயருக்குப் பின்னால் பி.வி.எஸ்.எம்., ஏ.வி.எஸ்.எம்., எஸ்.சி., வி.எம்., ஏ.டி.சி.

கடைசி ஏ.டி.சி. பதக்கமே அல்ல. குடியரசுத் தலைவரின் கௌரவ உதவி அதிகாரி என்ற நியமனம். பதவி போனால் அதுவும் போய்விடும். ஓய்வுக்குப் பிறகு அச்சடிக்கும் அழைப்பிதழில் அது இருந்தால் பழைய குறிப்பைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது வி.எம். வாயு சேனா பதக்கம். மேஜருக்கு அது சியாச்சின் பனிமலையில் ஹெலிகாப்டர் ஓட்டியதற்காகக் கிடைத்தது. காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில் சுழலிக்குத் தூக்கும் சக்தி குறையும், என்ஜின் திணறும். கீழே பத்துப் பேரைத் தூக்கும் வண்டி அங்கே ஓரிருவரைத் தூக்கவே யோசிக்கும். அதற்கும் இடப்பக்கம் எஸ்.சி., அதாவது சௌர்ய சக்ரா என்ற வீர விருது. 1992 அக்டோபரில் இமாசலத்தின் பர்வானூவில் ரோப் காரின் கேபிள் அறுந்து, சுற்றுலாப் பயணிகளோடு பெட்டி பள்ளத்தாக்கின் மேலே அந்தரத்தில் தொங்கியது. எம்.ஐ.-17 ஹெலிகாப்டரை மேஜர் அதன் மேலேயே அசையாமல் நிறுத்திவைக்க, கயிற்றில் இறங்கிய ராணுவ கமாண்டோ ஒருவர் ஆட்களை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். இருட்டியதால் மீதிப் பேரை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. ஏ.வி.எஸ்.எம்., பி.வி.எஸ்.எம். இரண்டும் அதற்கப்புறம், உயர்பதவிகளில் வந்தவை.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருவோம். ‘விசிஷ்ட சேவா’ என்பது சிறப்புப் பணிக்கான வரிசை: பரம (பி.வி.எஸ்.எம்.), அதி (ஏ.வி.எஸ்.எம்.), வெறும் விசிஷ்ட (வி.எஸ்.எம்.) என மூன்று படி. 1960-ல் தொடங்கியபோது முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்றே பெயர், 1967-ல் இப்போதைய பெயர்களாக மாற்றினார்கள். மருத்துவரும் பொறியாளரும்கூட இதைப் பெறலாம். விமானப் படையின் முதல் பெண் ஏர் மார்ஷலான மருத்துவர் பத்மாவதி பந்தோபாத்யாய் மூன்று படியையும் பெற்றவர். வி.எம். தனி: அது வீரத்துக்கும் வரும், கடமையில் ஈடுபாட்டுக்கும் வரும். வீரத்துக்கு என்றால் இப்போது பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஜி சேர்க்கிறார்கள். வீர் சக்ராவுக்கு வி.ஆர்.சி., அதை வி.எம். என்று சுருக்கினால் பெரும்பிழை. ‘வி.எம். அண்ட் பார்’ என்றால் அதே பதக்கம் இரண்டாம் முறை. 2004 கடைசி வரை தளபதியாக இருந்த எஸ். கிருஷ்ணசுவாமி அப்படிப் பெற்றவர்.

உறுத்தலான ஒரு விஷயமும் உண்டு. அணியும் வரிசையில் பி.வி.எஸ்.எம். மகாவீர் சக்ராவுக்கு முன்னால் நிற்கிறது. ஏ.வி.எஸ்.எம். வீர் சக்ராவுக்கு முன்னால். குண்டு மழையில் வாங்கியதற்கு மேலே நிர்வாகத்தில் வாங்கியது வருவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் விதி அப்படி. விமானப் படையின் ஒரே பரம்வீர் சக்ராவைப் பாருங்கள்: 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு விழும்போதே நேட் விமானத்தில் ஏறிப் போன நிர்மல்ஜித் சிங் செகோன். அவர் பதவி ஃப்ளையிங் ஆபீசர். அதிகாரிகளின் கீழ்ப்படிகளில் ஒன்று அது.

ஏர் வைஸ் மார்ஷலாக ஓய்வுபெற்ற பெரியப்பாவின் சீருடைப் படம் வீட்டில் இருக்கிறது. மார்பில் மூன்று வரிசை ரிப்பன். மேல் வரிசையில் மஞ்சளில் இரண்டு நீலக் கோடு, பக்கத்தில் சாய்கோடாகச் சாம்பலும் ஆரஞ்சும். இவை என்ன? படம் எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருவையாறு

முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் பிரிண்ட் போட்ட ஸ்டூடியோ படங்கள் நிறைய. விமானிச் சிறகும் ரிப்பனும் அவருடைய இடது மார்பில், அதாவது பார்க்கிற நமக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். பெயர்ப்பட்டை எதிர்ப்பக்கம். சரியாக இருந்தால், பித்தான் ஓரமாக மேல் வரிசையில் முதலில் வருவதே உயர்ந்த பதக்கம்.

மஞ்சளில் இரண்டு கருநீலக் கோடு ஏ.வி.எஸ்.எம். ஒரு கோடு என்றால் பி.வி.எஸ்.எம்., மூன்று என்றால் வி.எஸ்.எம். கோடு குறையக் குறையப் பதக்கம் பெரிது. கரும்பச்சையில் ஆரஞ்சுக் கோடுகளுக்கும் இதே கணக்குத்தான்: ஒன்று அசோக சக்ரா, இரண்டு கீர்த்தி, மூன்று சௌர்ய. சாம்பலும் ஆரஞ்சும் மாறி மாறிச் சாய்ந்திருப்பது வாயு சேனா பதக்கம். கறுப்பு–வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்ப வேண்டாம், கோட்டை எண்ணுங்கள்.

வருடத்துக்குக் கையைப் பாருங்கள். கைமடிப்புக்கு மேலே நடுத்தர அகலத்தில் நான்கு பட்டை இருந்தால் குரூப் கேப்டன். ஒரே ஒரு அகலப்பட்டை ஏர் கமடோர், அதன்மேல் மெல்லிய பட்டை ஒன்று சேர்ந்தால் ஏர் வைஸ் மார்ஷல், இரண்டு சேர்ந்தால் ஏர் மார்ஷல். ஏ.வி.எஸ்.எம். ரிப்பனோடு நான்கு பட்டை தெரிந்தால் அவர் குரூப் கேப்டனாக இருந்தபோதே அதை வாங்கிவிட்டார்.

கீழ் வரிசைகள் இன்னும் உதவும். சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர். பொன்விழாப் பதக்கம் 1997-க்கு. நீண்டகாலப் பணிக்கு 9, 20, 30 வருடங்களில் தனித்தனிப் பதக்கம். 1971 போரில் கிழக்கே இருந்தவருக்கு பூர்வி ஸ்டார், மேற்கே இருந்தவருக்கு பஸ்சிமி ஸ்டார். நீண்டகாலப் பணிப் பதக்கங்களில் 9-ம் 20-ம் இருந்து 30 இல்லையென்றால், படம் பணியில் சேர்ந்த இருபதாவது வருடத்துக்கும் முப்பதாவது வருடத்துக்கும் நடுவில் எடுத்தது. போர் ரிப்பன்மேல் சின்னத் தாமரை இலை குத்தியிருந்தால் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான அடையாளம் அது.

அப்பாவின் பதக்கங்கள் கறுத்துவிட்டன. புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

கூடாது. புளி, விபூதி, பித்தளைப் பவுடர் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கில் தேய்வது கறை. பதக்கத்தில் தேய்வது விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் பெயரும். அது போனால் பதக்கம் யாருடையது என்பதற்குச் சாட்சி இல்லை. முலாம் பூசிய பதக்கத்தில் நாலு முறை தேய்த்தால் முலாமே போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரிப்பனைக் கழற்றாமல், மெல்லிய பருத்தித் துணியால் உலோகத்தை மட்டும் ஒற்றியெடுங்கள். கடல் காற்றில் உப்பு படிந்திருந்தால் துணியின் நுனியை காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். விரலால் தொட்டால் வியர்வைத் தடம் மறுபடி கறுக்கும், ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். ரிப்பனைத் துவைக்கவே துவைக்காதீர்கள், ஆரஞ்சு சாயம் பக்கத்து நிறத்தில் இறங்கிவிடும். புது ரிப்பன் மாற்றினாலும் பழையதை உறையில் போட்டு வையுங்கள்.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே துவைத்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி உள்ள டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் பின்னும் பொட்டலத்தை மாற்றுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதானால் வெளிச்சுவரில் வேண்டாம், அந்தச் சுவரின் ஈரம் நேராகச் சட்டத்துக்குள் ஏறும்.

அமெரிக்க விமானப் படை ஜெனரல் ஒருவரின் குறிப்பில் ‘ஓக் இலைக் கொத்து’ என்று வருகிறது. தனிப் பதக்கமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், மயிலாடுதுறை

இல்லை. அதே பதக்கம் மறுபடி கிடைத்ததற்கான அடையாளம். இரண்டு வெண்கலக் கொத்து என்றால் மொத்தம் மூன்று முறை. ஒரு வெள்ளிக் கொத்து ஐந்து வெண்கலத்துக்குச் சமம், ஆக மொத்தம் ஆறு. அங்கே ‘பிரிகேடியர் ஜெனரல்’ என்பது இரண்டு பதவி அல்ல, ஒரே பதவி, ஒற்றை நட்சத்திரம், நம் ஏர் கமடோருக்கு நேர்.

தஞ்சாவூர் தளத்துக்கு யார் தலைவர்? ஏர் மார்ஷலா?
– வாசகர், வல்லம்

ஒரு தளத்தை வழக்கமாக குரூப் கேப்டனோ ஏர் கமடோரோ நடத்துவார். ஏர் மார்ஷல் இருப்பது திருவனந்தபுரத்தில், தஞ்சாவூரும் அடங்கிய தென்னக விமானப் படைக் கட்டளையகத்தின் தலைவராக. தஞ்சாவூரில் சுகோய்-30 ஓட்டும் 222-வது ஸ்குவாட்ரன், 2020 ஜனவரி 20 அன்று அங்கே சேர்க்கப்பட்டது.

ஊர் வரலாற்று மலருக்கு எங்கள் தெரு அதிகாரி ஒருவரின் பதக்கங்களைச் சரிபார்க்க வேண்டும். வழி?
– மலர்க் குழு, கும்பகோணம்

பதக்கப் பட்டியல்கள் பெரும்பாலும் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களை ஒட்டி வரும், இந்திய அரசிதழிலும் ஏறும். வீட்டாரிடம் வருடத்தைக் கேட்டு அந்த இரண்டு நாள்களை ஒட்டிய இதழ்களில் தேடுங்கள். பெயர் மட்டும் ஒத்தால் போதாது. ஒரே பெயரில், ஒரே முதலெழுத்தோடு இரண்டு அதிகாரிகள் இருப்பது சகஜம். அரசிதழில் பெயருக்குப் பக்கத்தில் பணி எண்ணும் பிரிவும் இருக்கும். அந்த எண்ணைப் பதக்க விளிம்பில் பொறித்ததோடும், வீட்டில் இருக்கும் ஓய்வூதிய ஆணையோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒன்றானால் அச்சுக்குக் கொடுங்கள். பதக்கம் வாங்கியபோது இருந்த பதவியையும் சேர்த்துப் போடுங்கள், ஓய்வின்போது இருந்ததை அல்ல.