மாலரின் ஆறாவது சிம்பொனி: எது முதலில்?

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக இசையமைப்பாளர் மாலரின் ஆறாவது சிம்பொனியை நடத்துநர் பெர்ன்ஸ்டைனின் பதிவில்தான் கேட்டு வருகிறேன். அண்மையில் இன்னொரு நடத்துநர் அப்பாடோ 2004இல் பெர்லினில் நடத்திய பதிவைக் கேட்டேன். நான்கு பகுதிகளில் இரண்டாவதாக வரும் துள்ளலான ஷெர்சோ மூன்றாவதாகப் போய், மெதுவான பகுதியான ஆண்டான்டே முன்னால் வந்துவிட்டது. மனசுக்கு ஒட்டவே இல்லை. என் காது சொல்வது சரியா, அவர் செய்தது சரியா? ஃபோனில் வரிசையை மாற்றிக் கேட்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அப்பாடோ செய்ததுதான் சரி. உங்கள் காதுக்குப் பழகியிருப்பது மாலர் ஒருமுறைகூட மேடையில் நடத்தாத வரிசை.

1903, 1904இல் எழுதும்போது அவரும் ஷெர்சோவைத்தான் இரண்டாவதாக வைத்தார். அப்படியேதான் அச்சிலும் வந்தது. 1906 மே மாதம் எஸ்ஸென் நகரில் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையின்போது ஆண்டான்டேயை முன்னால் கொண்டுவந்தார். அச்சாகியிருந்த பிரதிகளில் திருத்தச்சீட்டு வைக்கப்பட்டது. பிறகு மறுபதிப்பே வந்தது. அதே ஆண்டு ம்யூனிக்கிலும் 1907 ஜனவரியில் வியன்னாவிலும் இந்த வரிசையில்தான் நடத்தினார். மேசையில் எழுதியதை இசைக்குழுவின் முன் நின்று கேட்டபிறகு எடுத்த முடிவு அது. அவருடைய நோக்கம் என்று நான் எடுத்துக்கொள்வது அதைத்தான்.

அவர் மறைந்தபின் 1919இல் டச்சு நடத்துநர் மெங்கெல்பர்க் மாலரின் மனைவி ஆல்மாவிடம் விசாரித்தார். முதலில் ஷெர்சோ, பிறகு ஆண்டான்டே என்று தந்தி வந்தது. 1963இல் இசை ஆய்வாளர் எர்வின் ராட்ஸின் ஆய்வுப்பதிப்பும் அதையே நிலைநாட்டியது. மாலர் பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டார் என்றார் ராட்ஸ், ஆதாரம் காட்டவில்லை. பெர்ன்ஸ்டைன், கரயான் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்த பதிவுகள் ஷெர்சோவை முன்வைத்தவை. ஆண்டான்டேயை முன்னால் வைத்து நடத்திய பார்பிரோலியின் 1967 பதிவைக்கூட சில வெளியீடுகளில் வரிசை மாற்றிப் போட்டார்கள்!

ஷெர்சோ முன்னால் வருவதில் ஒரு மூர்க்கம் உண்டு, மறுக்கவில்லை. முதல் பகுதி ஏ மேஜரில் வெற்றிக் களிப்போடு முடிகிறது. உடனே டிம்பனி என்ற பெருமுரசு ஏ மைனரில் அறையத் தொடங்குகிறது. நான்கு எண்ணிக்கையில் போன அதே அணிவகுப்பு மூன்று எண்ணிக்கையில் நொண்டிக்கொண்டு திரும்பி வருகிறது. அடைந்த மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைப்பதில்லை.

ஆண்டான்டே முன்னால் வந்தால் அந்த மகிழ்ச்சிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அது இருப்பது ஈ-ஃப்ளாட் மேஜரில். ஏ-யிலிருந்து அதற்குமேல் விலக முடியாத சுருதி. மாட்டுமணிகள் கேட்கின்றன. இளைப்பாறி எழுந்தவன்மேல் ஷெர்சோ விழும்போது அடி இன்னும் பலமாகவே படுகிறது. அங்கிருந்து இறுதிப் பகுதியின் சம்மட்டி அடிகள்வரை ஒதுங்க நிழலே இல்லை.

ஃபோனில் மாற்றிக் கேட்பது தப்பில்லை, ஆனால் பெர்ன்ஸ்டைனை விட்டுவிடுங்கள். அவர் வேகத்தையும் கனத்தையும் தன் வரிசைக்கு ஏற்ப அமைத்திருக்கிறார். அப்பாடோவே முன்பு சிகாகோ இசைக்குழுவோடு ஷெர்சோவை முதலில் வைத்துப் பதிவுசெய்தவர்தான். ஒரே நடத்துநரின் அந்த இரண்டு பதிவுகளையும் ஒரு வார இடைவெளியில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.