தேராமல் சொன்ன தீர்ப்பு

அன்புள்ள ஐயா,

மும்பை மாட்டுங்காவில் சென்ற மாதம் முடிவு அறிவித்த சிறுகதைப் போட்டிக்கு நானும் ஒரு கதை அனுப்பியிருந்தேன். நடுவர் மூவரில் நீங்களும் ஒருவர். இறுதிச் சுற்றுக்கு வந்த பதினைந்து கதைகளில் என்னுடையதும் இருந்தது. பரிசு இல்லை, அது பரவாயில்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு, ‘நடுவர்கள் தீர்ப்பே இறுதியானது’ என்று ஒரு வரி பதில் வந்தது. கொலை செய்தவனுக்குக்கூட நீதிமன்றம் காரணம் எழுதித்தான் தண்டனை கொடுக்கிறது. விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? இலக்கியத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகி,
செம்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கதையை மறுபடி படித்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். கதையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பாண்டியனோடு ஒப்பிட்டீர்கள். குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தியிருக்கிறீர்கள். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு அரசன் ஆணையிடும் இடத்தில் இளங்கோ ‘தேரான் ஆகி’ என்கிறார். பிறகு அரசவையில் ‘யார் நீ’ என்று கேட்டவனுக்குக் கண்ணகி சொல்லும் முதல் வார்த்தையும் ‘தேரா மன்னா’. கொன்றவனே என்றோ கொடியவனே என்றோ அவள் தொடங்கவில்லை. ஆராயாதவனே என்கிறாள். வள்ளுவரும் செங்கோன்மையின் முதல் குறளில் ‘தேர்ந்துசெய் வஃதே முறை’ என்றுதான் முடிக்கிறார். நீங்கள் கேட்ட உரிமை இப்படி ஆராய்ந்து தேர்வதிலிருந்துதான் வருகிறது. பெயருக்கு முன்னால் நடுவர் என்று போட்டுவிடுவதால் அது வந்துவிடாது.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. 1979-ல் பிட்மன் சுருக்கெழுத்துச் சான்றிதழோடு திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறி வந்தவன் நான். அந்தக் காலத்தில் தமிழ்ப் பையன் என்றால் ஸ்டெனோ என்றே இந்த ஊர் முடிவுகட்டியிருந்தது. ஒரு ஜட்ஜிடம் வேலை கிடைத்தது. வீட்டு வாடகை வழக்குகள். ஆறு மாதம் தகுந்த காரணமில்லாமல் வீட்டைப் பயன்படுத்தாமல் போட்டிருந்தால் வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லலாம் என்று அப்போதைய பம்பாய் வாடகைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. பரேல் பக்கம் ஒரு சால், அதாவது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் கட்டடம்; அதில் ஓர் அறை. மின்சார பில்லில் யூனிட் ரொம்பக் குறைவு, ஆகவே ஆள் குடியில்லை என்பது வீட்டுக்காரர் வாதம்.

சாயங்காலம் சேம்பரில் ஜட்ஜ் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பாரா ஆகிவிட்டது. மின்சார பில் பாரா வந்தது. ‘இரவில் விளக்கே எரியாத ஒரு வீட்டில்’ என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த மில் சீட்டை எடு என்றார். கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். வாடகைக்காரருக்கு அந்த வருஷம் முழுக்க இரவு ஷிஃப்ட். ராத்திரி மில்லில் இருப்பான், பகலில் வந்து தூங்குவான். விளக்கு எப்படி எரியும்? ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். ‘இதுவரை சொன்னதை முழுக்க அடித்துவிடு’ என்றார். மறுநாள் சொன்ன தீர்ப்பு வாடகைக்காரர் பக்கம் போயிற்று.

அந்தச் சீட்டு விசாரணையின்போதே தாக்கலாகியிருந்தது. இரண்டு வக்கீலும் அதைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போது புரியாதது காரணத்தை வாக்கியமாகச் சொல்ல வந்தபோது புரிந்தது. தீர்ப்பில் முடிவோடு அதற்கான காரணமும் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது தோற்றவருக்காக மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுதுகிறவரைத் தடுத்து நிறுத்தவும்தான் அது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்ட பிறகென்றால் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை போன்றவை தவிர வேறு எதையும், மறுஆய்வு மனு வந்தாலொழிய, அவரால் திருத்தியிருக்க முடியாது.

அப்போதெல்லாம் ஃபோர்ட் பகுதியின் பழைய குமாஸ்தாக்கள் டீ குடிக்கும்போது நானாவதி வழக்கைப் பேசாமல் இருக்க மாட்டார்கள். 1959-ல் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு தொடர்பிருந்த அஹூஜாவைச் சுட்டார். கட்டிப்புரண்டபோது துப்பாக்கி தானாக வெடித்தது என்பது அவர் தரப்பு. பொதுமக்களிலிருந்து எடுத்த ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குமாஸ்தாக்களின் பேச்சு எப்போதும் ஒரு துண்டில் வந்து நிற்கும். குளித்துவிட்டு வந்த அஹூஜா இடுப்பில் கட்டியிருந்த துண்டு. மூன்று குண்டு பாய்ந்து விழுந்த பிறகும் அது அவிழவில்லை. கட்டிப்புரண்டிருந்தால் துண்டு நின்றிருக்குமா?

அந்த எட்டுப் பேர் துண்டைப் பற்றி என்ன நினைத்தார்கள்? யாருக்கும் தெரியாது, ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் என்ன நினைத்தது என்பதை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம், ஒப்பாவிட்டால் வாதாடலாம். நெருக்கடி நிலையின்போது 1976-ல், விசாரணையில்லாமல் சிறையில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற ஜபல்பூர் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நால்வருக்கு எதிராக ஹெச்.ஆர். கன்னா ஒருவராக நின்றார். தோற்ற பக்கம்தான், ஆனால் காரணத்தை எழுதி வைத்தார். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கூடி அவர் சொன்னதே சரி என்றார்கள்.

எங்கள் தீர்ப்பு ஜூரித் தீர்ப்பு. மூன்று பேர் மதிப்பெண் போட்டோம், கூட்டினார்கள், முடிந்தது. ‘இறுதியானது’ என்ற வரியை நான் எழுதவில்லை, ஆனால் அது என் பெயரில்தான் வந்திருக்கிறது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

இலக்கியத்தில் காரணத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. காதல் பாடல்களுக்கு இலக்கணம் சொல்லும் இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேர் உரை சொன்னபோது, எது மெய்யுரை என்று தீர்மானிக்க உட்கார்ந்தது உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளை என்று கதை. மற்றவர்கள் வாசிக்கும்போது சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் வாசித்தபோது ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணீர், மயிர்க்கூச்சு. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. காரணம் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. ஆனால் எல்லா உரையையும் அவன் முழுதாகக் கேட்டான். எந்தச் சொல்லில் அழுதான் என்று சபை முழுக்கப் பார்த்தது. நான் உங்கள் கதையைப் படித்தது கல்யாண் போகும் ரயில் வண்டியில், ராத்திரி பத்து மணிக்கு, அன்றைய ஏழாவது கதையாக.

சரி, கதைக்கு வருகிறேன். வெள்ளி டம்ளரைத் திருடியதாக வேலைக்காரப் பெண்மேல் பழி, குடியிருப்பு சொசைட்டி கமிட்டி கூடி விசாரிக்கிறது. முதல் பக்கத்திலேயே அவள் நிரபராதி என்று எங்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் கெட்டவர்கள். யாருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வரி இல்லை. இளங்கோ பாண்டியனுக்குக்கூட அந்த வாய்ப்பைக் கொடுக்கிறார். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று அவன் நிமிர்ந்து பதில் சொல்கிறான். அதைக் கேட்டுவிட்டு வருவதால்தான் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் தானே சொல்லி விழும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. உங்கள் கமிட்டியை நீங்கள் விசாரிக்காமலே தண்டித்துவிட்டீர்கள். இந்தக் காரணத்துக்காக, இரண்டாம் தடவை படித்த பிறகும் பரிசு விஷயத்தில் என் முடிவு மாறவில்லை.

ஆனால் நான்காம் பக்கத்தில் ஓர் இடத்தை நான் கவனிக்காமல் போயிருக்கிறேன். கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் செயலாளர் திடீரென்று பேனாவை மூடி வைத்துவிட்டு, அவள் உட்கார ஒரு நாற்காலி கொண்டு வரும்படி வாட்ச்மேனிடம் சொல்கிறார். ஏன் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் உட்காரவும் இல்லை. இந்த நாலு வரிக்கு நான் மதிப்பெண் போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

பரிசு பெறாத பதினோரு கதைகளுக்கும் காரணம் எழுதிக் கொடுக்கலாம் என்று மற்ற இரு நடுவர்களிடமும் பேசியிருக்கிறேன். ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் அந்தச் செயலாளரிடம் திரும்பப் போங்கள். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் என்ன சொன்னார் என்று எழுதிப் பார்த்து எனக்கு அனுப்புங்கள். இந்தத் தடவை வண்டியில் வைத்துப் படிக்க மாட்டேன்.

அன்புடன்.