கடிதம் ஆபிஸுக்கு வருது, வீட்டுக்கு வர்றதில்ல

அன்புள்ள சேர்,

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துல பொருளியல் ரெண்டாம் வருஷம். சொந்த இடம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். போன மாசம் வகுப்புல ஏழை நாடுகளோட அபிவிருத்தியும் வெளிநாட்டு உதவியும்னு பெரிய விவாதம். உதவி கிடைச்சா நாடு முன்னேறும்னு ஒரு பக்கம், உதவிதான் நாட்டையே கெடுக்குதுன்னு இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. நம்ம தோட்டங்களையே பாருங்க, எத்தன என்ஜிஓ வந்தாச்சு, கக்கூஸ், தண்ணி டேங்க், கோழிக்குஞ்சு, தையல் மெஷின்னு எல்லாம் குடுத்தாச்சு, நம்ம ஆளுங்க கை நீட்டியே பழகிட்டாங்க. இப்ப அமெரிக்காவோட உதவி நிறுவனம் யூஎஸ்எயிட்ட மூடுனதுகூட ஒரு வகையில நல்லதுதானே? சிங்கப்பூர் யார்கிட்டயும் கை நீட்டலையே? ஒரு ஏழை நாடு முன்னேற உதவி வேணுமா வேணாமா சேர்?

அன்புடன்,
க.

அன்புத் தம்பிக்கு,

ராத்திரி படிச்சேன், காலையில எந்திரிச்சு மறுபடியும் படிச்சேன். பரீட்சைக் கேள்வி மாதிரி வர்ற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுறது கொறவு. ஆனா தண்ணி டேங்க்னு ஒரு வார்த்த எழுதியிருக்கீங்க, அது என்னைய விடல. போன வாரம்தான் நான் பொறந்த டிவிசனுக்கு ஒரு கருமாதிக்கு போய்ட்டு வந்தேன், அங்க கோயிலுக்கு மேல அந்த டேங்க் இன்னும் நிக்குது, உள்ள காஞ்ச எலை. அது முன்னாடி நின்னு நான் யோசிச்சதும் நீங்க கேட்டுருக்கிறதும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிர்றேன், கோபம்னு நினைச்சாலும் பரவால்ல. "கை நீட்டியே பழகிட்டாங்க"ன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? யாரு தம்பி அது? விடியக்காலம் எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சுட்டு, பிள்ளைய தோட்டத்து பிள்ளைக்காப்பகமான பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு, பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடி, மழையோ அட்டையோ மலையில நின்னு கொழுந்தெடுத்து, சொன்ன கிலோ வரலைன்னா அரைநாள் சம்பளமா அரைப்பேர் வாங்கிட்டு வர்ற உங்க அம்மாவா? 2021 டிசம்பர்ல ஈரானுக்கு குடுக்க வேண்டிய 25 கோடி டொலர் எண்ணெய்க் கடன, மாசம் 50 லட்சம் டொலர்னு தேயிலையாவே கட்டுறதுன்னு அரசாங்கம் பேசி முடிச்சுச்சு, பேராதனையில இத சொல்லிக் குடுத்தாங்களான்னு தெரியல. நாடு வாங்குன கடன உங்க அம்மாவோட கையி அடைக்குது. அந்தக் கையப் பார்த்தா நீட்டுன கைன்னு சொல்றீங்க. அந்த வரிய அழிச்சிருங்க தம்பி, விவாதத்துல ஜெயிக்கிறதுக்குன்னு அப்படி பேசாதீங்க.

இப்ப டேங்க். தொண்ணூறுகள்ல ஒரு வெளிநாட்டு அமைப்பு வந்து கட்டுனது. பேர் வேணாம், வந்த பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க, எங்களோட லயத்துல, அந்த வரிசை வீட்டுல, உக்காந்து சாயத்தண்ணி குடிச்சாங்க. எங்க ஆளுங்க சும்மா நிக்கல, ஞாயித்துக்கிழமையெல்லாம் கல்லு சொமந்து மண்ணு வெட்டுனாங்க, எங்க அப்பாவும்தான். பைப்ப தொறந்து தண்ணி வந்த அன்னைக்கு எங்க அம்மா அத கையில ஏந்தி கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் ஓடுச்சு. அப்புறம் மேல்மலையில புதுசா கன்னு போட நெலத்த வெட்டுனாங்க, பைப் ஒடஞ்சுச்சு. ஒரு அஞ்சடி பைப்புதான், எங்க ஆளுங்களே போட்டிருப்பாங்க. ஆனா ஊத்து இருக்குறது தோட்டத்து நெலத்துல, பைப்பு போறது தோட்டத்து நெலத்துல, அனுமதி இல்லாம தொட்டா கேஸு. ஆபிஸுக்கு போனா அது எங்க வேல இல்லன்னாங்க. அமைப்புக்கு எழுதுனா புரொஜெக்ட் முடிஞ்சுருச்சுன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான், பொம்பளைங்க திரும்பவும் கொடத்த தூக்கிக்கிட்டு தண்ணி விழுற பீலிக்கரைக்கு நடந்தாங்க. டேங்க பார்க்க வந்த அடுத்த அமைப்பு ஆள் ரிப்போட்ல என்ன எழுதியிருப்பாரு? மக்களுக்கு பராமரிக்கிற பழக்கம் இல்லன்னு. நீங்க எழுதுனதும் அதே வரிதான் தம்பி.

இன்னொண்ணையும் சொல்றேன், இத இதுவரைக்கும் எங்கயும் எழுதல. 1989-ல எனக்கு ஒரு ஆசிரியர் வேலைக்கு இன்டவியூ கடிதம் வந்துச்சு. லயத்துக்கு ஏது அட்ரஸ், நம்பரும் இல்ல ரோட்டுப் பேரும் இல்ல, தோட்டத்து பேர்ல வர்ற எல்லா தபாலும் ஆபிஸுக்குத்தான் போகும். அங்க அலமாரியில 11 நாள் கெடந்துச்சு. யாரும் வேணும்னு செஞ்சதா நான் நினைக்கல, எடுத்து குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல, அவ்வளவுதான். அப்பா கொண்டுவந்து குடுத்தப்ப இன்டவியூ முடிஞ்சு நாலு நாள். அவருக்கு எழுத்து தெரியாது, நல்ல சேதின்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. நான் தேதிய அவருக்கு சொல்லல. பிறகு வேற வழியில ஆசிரியர் ஆனேன், அது இருக்கட்டும். உதவிப் பணம்னு யாராச்சும் பேசுறப்பல்லாம் எனக்கு அந்த கடிதம்தான் ஞாபகம் வரும். ஜெனீவாவுல இருந்தோ வாஷிங்டன்ல இருந்தோ பொறப்படுறது கொழும்புக்கு வருது, அங்க இருந்து தோட்டத்து ஆபிஸுக்கு வருது, அங்கேயே நின்னுருது. ஏன்னா நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கு அட்ரஸ் இல்ல, அட்ரஸ் ஏன் இல்லன்னா காணி இல்ல.

காணி. நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். தென்கொரியாவ எடுங்க, உங்க ஃபிரெண்ட்ஸ் பாதிப்பேர் அங்க வேலைக்கு போற கொரியா எக்ஸாமுக்கு படிச்சுக்கிட்டு இருப்பாங்க. ஐம்பதுகள்ல அமெரிக்கா அங்க கொட்டுன பணத்துக்கு அளவில்ல, 2010-ல அதே கொரியா உதவி குடுக்குற நாடுகளோட கமிட்டியில போய் உக்காந்துச்சு. அதுக்கு நூறு காரணம் சொல்லுவாங்க, சர்வாதிகாரம், ஏற்றுமதி, படிப்புன்னு, எல்லாம் உண்மைதான். ஆனா அதுக்கெல்லாம் முன்னாடியே, 1950-லயே, ஜமீன்தாருங்ககிட்ட இருந்த நெலத்துல மூணு ஹெக்டேருக்கு மேல உள்ளத எடுத்து உழுதவனுக்கே எழுதிக் குடுத்தாங்க. அப்பதான் அவன் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனான்.

கென்யாவ பாருங்க, அதுவும் நம்ம தேயிலைதான். அறுபதுகள்ல உலக வங்கியும் பிரிட்டிஷ்காரங்களோட அபிவிருத்திக் கழகமும் கடன் குடுத்துச்சு, ஆனா பெரிய தோட்டத்துக்கு குடுக்கல, சின்னச் சின்ன நெலம் வச்சிருந்த விவசாயிங்கள சேர்த்து அவங்களுக்கு கன்னும் ஃபெக்டரியும் ரோடும் செஞ்சு குடுத்தாங்க. இன்னைக்கு அந்த ஃபெக்டரிங்கள்ல அவங்களுக்கு பங்கு இருக்கு, கருப்புத் தேயிலை ஏற்றுமதியில கென்யா முதல் இடத்துல நிக்குது. அங்கேயும் போனஸ் காணாதுன்னு சண்டை நடக்குது, சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா அவன் தன்னோட செடிக்குத்தான் சண்டை போடுறான்.

கென்யா ரொம்ப தூரம்னா ரத்தினபுரி, காலி, மாத்தறைக்கு போங்க. இலங்கைத் தேயிலையில நூத்துக்கு 70-க்கு மேல இப்ப சிறுதோட்டக்காரங்க குடுக்குறதுதான். அதே செடி, அதே கொழுந்து. அரை ஏக்கர்காரனுக்கு மானியம் குடுத்தா மறுநடுகை செய்யிறான், பேங்குல கடன் கேட்டா காட்ட காணி உறுதிப் பத்திரம் இருக்கு, வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டுறான். நம்ம ஆளு 150 வருஷத்துக்கு மேலா அதே வேலையத்தான் செய்யிறான், நல்லாவும் செய்யிறான். அவனுக்கு ஏன் இல்ல? 1972-ல ஒருத்தருக்கு 50 ஏக்கருக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, 1975-ல கம்பெனித் தோட்டங்களையும் எடுத்தாங்க, ஆசியாவுல பெரிசா பேசப்பட்ட காணிச் சீர்திருத்தம். அந்த நேரம் நம்மள்ல லட்சக்கணக்கானவங்களுக்கு நாடே இல்ல, பிரஜாவுரிமைய 1948-ல புடுங்குனது. நெலத்த பங்கு போட்ட மேசையில நம்ம பேரே வரல, பல எடத்துல லயத்துல இருந்து வெரட்டுனதும் நடந்துச்சு. பிரஜாவுரிமைப் பிரச்சனைய முடிச்சு வைக்க 2003-ல ஒரு சட்டம் தேவப்பட்டுச்சு தம்பி, 2003-ல.

அதனால உதவியே வேணாம்னு சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. நீங்க படிச்ச தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரு காலத்துல ஒரே ரூம், ஒரே மாஸ்டர். எழுபதுகள்ல அது தோட்டத்து கையில இருந்து அரசாங்கத்து கைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் சுவீடன்காரங்க குடுத்த பணத்துல கட்டடம் எழும்புச்சு, ஜெர்மன் உதவியில பத்தனையில ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்துச்சு, அங்க படிச்ச டீச்சர்மாருங்ககிட்டத்தான் நீங்களும் படிச்சிருப்பீங்க. பள்ளிக்கூடம் தோட்டத்து தொரையோடது இல்லாம ஆன பிறகு வந்த உதவி அது, அதான் நின்னுச்சு. இந்தியா குடுத்த 4,000 வீட்டையும் அப்படித்தான் பாக்குறேன். 2017 மே மாசம் மோடி நோர்வூட்டுக்கு வந்து இன்னும் 10,000-ன்னு சொன்னப்ப கூட்டத்துல நானும் நின்னேன். எல்லாரும் வீட்டப் பத்தி பேசுனாங்க, பக்கத்துல நின்ன ஒரு கெழவி மட்டும் வீடு நிக்கிற அந்த ஏழு பேர்ச்சஸ் காணிக்கு உறுதி யார் பேருக்கு வரும்னு கேட்டாங்க. நாலு புரொபசர் கேக்க வேண்டிய கேள்வி அது.

சிங்கப்பூர் கதைய விடுங்க. 1960-ல ஐநா அனுப்புன குழுதான் அவங்களுக்கு தொழில்துறைத் திட்டம் போட்டுக் குடுத்துச்சு, உலக வங்கிகிட்ட கடனும் வாங்குனாங்க. கை நீட்டாம வந்தாங்கன்றது பொய்.

யூஎஸ்எயிட் விஷயத்துல "நல்லதுதானே"ன்னு இனி எழுதாதீங்க. 2025 ஜனவரியில பணத்த திடீர்னு நிறுத்துனப்ப ஆப்பிரிக்காவுல எச்ஐவி மருந்துக்கு கிளினிக் வாசல்ல வந்து நின்னவங்க ஏமாந்து திரும்புனாங்க. அவங்க மருந்துக்கு சார்ந்து இருந்தது சோம்பேறித்தனமா?

நீங்க கேட்டது வேணுமா வேணாமான்னு. அத உங்க வாத்தியாருக்கு எழுதிக் குடுங்க, ரெண்டு பக்கமும் மார்க் வரும். எனக்கு நீங்க வேற ஒண்ணு செஞ்சு தாங்க. உங்க கடிதத்துக்கு கீழ தோட்டத்து பேரும் டிவிசன் பேரும் மட்டும் இருக்கு. லீவுக்கு போறப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஆபிஸுக்கு போய், குடியிருக்கிற காம்பராவுக்கு அவங்க பேர்ல என்ன பேப்பர் இருக்குன்னு கேளுங்க. குடுத்தாங்கன்னா ஒரு ஃபோட்டோ கொப்பி எடுங்க, குடுக்கலைன்னா என்ன சொன்னாங்கன்னு ஒரு வார்த்த விடாம எழுதிக்கிட்டு கொட்டகலைக்கு வாங்க, பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி சேர் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க.