சேர்வரில் போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) 16ஆம் பதிப்பு, என் கணினியில் 13: இணைகிறது, ஆனால் பேக்கப் எடுக்க முடியவில்லை. ஏன்?

வெள்ளவத்தைக் கந்தோரில் எங்களுக்கும் இதே சிக்கல் வந்தது. இணைவதில் வியப்பில்லை: கிளையன்டும் (உங்கள் கணினியில் உள்ள மென்பொருள்) சேர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் 3ஆம் பதிப்பு 2003இல் வந்த போஸ்ட்கிரெஸ் 7.4இலிருந்தே இருக்கிறது. பேக்கப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப்பின் (pg_dump) கதை வேறு. அது சேர்வரின் உள் அட்டவணைகளை நேரடியாக வாசித்துத்தான் பேக்கப் எழுதுகிறது. 16இல் அவற்றின் அமைப்பு மாறியிருக்கலாம், 13க்கு அது தெரியாது. அரைகுறை பேக்கப் தருவதைவிட மறுப்பதே மேல், அதனால் நின்றுவிடுகிறது. நல்ல முடிவு என்பேன்.

சரி, என்ன செய்யலாம்? கிளையன்ட் கருவிகளை மட்டும் 16க்கு ஏற்றுங்கள். புதிய பிஜி டம்ப் பழைய சேர்வர்களையும் வாசிக்கும், 9.2 வரை. ஆனால் அந்தப் பேக்கப்பைப் பழைய சேர்வரில் ஏற்ற முடியும் என்று நம்பாதீர்கள்.

அப்புறம், 10க்கு முந்திய கிளையன்ட் என்றால் கடவுச்சொல்லிலேயே தடுக்கும். சேர்வரில் 14இலிருந்து ஸ்க்ராம் (SCRAM) என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறைதான் இயல்புநிலை, அந்தப் பழைய கிளையன்டுக்கு அது தெரியாது.